பட்டை காட்டாத போதை: டெல்டா மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற குறுவை அறுவடையின்போது, விடுதியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட என் அக்காள் மகன் மோட்டார் கொட்டகைச் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான். பம்ப்செட் ஓசைக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொன்னான். அவன் பெட்டியில் மாம்பழ வாசனையடிக்கும், பென் டிரைவ் போன்ற ஒரு வேப் கருவி (மின்-சிகரெட்) கிடந்தது. விடுதியில் சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, கஞ்சா இல்லை என்று சோதனைப் பட்டை காட்டியதால், பையன் நடிக்கிறான் என முடிவுகட்டி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டை தேடுவது, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி உடலில் சிதைந்து விட்டுச்செல்லும் எச்சத்தை மட்டுமே. கஞ்சாவைப் போல மூளையில் வேலை செய்யும்படி ஆய்வகத்தில் செய்யப்படும் செயற்கைக் கன்னாபினாய்டுகள் வேறு வேதிப்பொருள்கள் என்பதால் அவை அதில் தெரிவதில்லை. மூளையில் கஞ்சாவின் போதை போய்ப் பற்றிக்கொள்ளும் இடமான சிபி1 ஏற்பியை டிஹெச்சி ஓரளவே தூண்டும். செயற்கை வகைகளில் பல அதை முழு வேகத்தில் தூண்டுவதால்தான் பீதி, சந்தேகம், மாயக்குரல், தற்கொலை எண்ணம், சில வேளை வலிப்பு வரை கொண்டுபோய் விடுகின்றன. இங்கிலாந்தில் 38 பள்ளிகளில் பறிமுதலான வேப்களைப் பாத் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, ஆறில் ஒன்றில் இந்தச் செயற்கைச் சரக்கு கலந்திருந்ததாக 2024இல் அறிவித்தார்கள். இழுத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? இந்தியாவில் 2019 முதல் வேப் விற்பனையே குற்றம். ஆகவே கள்ளத்தனமாக வரும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

எங்கள் வீட்டார், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்து வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்றார்கள். பெருமாளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேப்பில் செயற்கைக் கன்னாபினாய்டு இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை முதலில் எழுப்பியவர் மனநல மருத்துவர்தான், அவரிடம் போய்ச்சேர எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. விடுதியில் கிடைத்த இன்னொரு கருவியை உடைத்து எறிந்துவிட்டதால், அதன் உள்ளே இருந்தது என்ன என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

எனவே வேண்டுகிறேன்: மாணவன் பேச்சு மாறினால், பட்டை என்ன காட்டினாலும், அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், தனியாகப் பேருந்தில் ஏற்றிவிடாதீர்கள். கருவியை உடைக்காமல் ஒப்படையுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416ஐ விடுதி அறிவிப்புப் பலகையில், கட்டண அறிவிப்புக்கு மேலே, ஒட்டுங்கள்.

அவன் மருந்து எடுத்துக்கொள்கிறான், தூங்குகிறான். மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோரும் அவனது விண்ணப்பம் உங்களில் ஒருவர் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தாய்மாமன் ஒருவன்,
மன்னார்குடி வட்டம்