ஏ.எஃப்.பி. எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தாராவியிலும் சயானிலும், ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழ்பவர்களும் ஈரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகளும் தங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை என்னிடம் காட்டுவதுண்டு. அவர்களில் பலர், ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தின் அளவு ரத்தத்தில் வரம்புக்குள் இருந்தால் கல்லீரல் புற்றுநோய் இல்லை என்றே முடிவு செய்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த சோனோகிராஃபியை (வயிற்று ஸ்கேன்) எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். இது பெரிதும் கவலை தருகிறது.

கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் சுரக்கும் இப்புரதம், பிறந்தபின் மிகவும் குறைந்து, கல்லீரலில் புற்று வளரும்போது மீண்டும் பெருகக்கூடியது. ஆனால் வெறும் ஈரல் அழற்சியிலும் அது ஏறும். தொடக்கநிலைப் புற்றில் ஏறாமலும் இருந்துவிடும். ஆகவே அது எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்புரதத்தோடு இணைந்துள்ள சர்க்கரைச் சங்கிலியின் அடியில், புற்றணுக்கள் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகின்றன. (நீரிழிவு நோயாளிகள் அளந்து பார்க்கும் சர்க்கரை வேறு, இது வேறு.) நம் வீடுகளில் சமைக்கும் மைசூர் பருப்பிலிருந்து பிரித்தெடுக்கப்படும் லெக்டின் என்ற புரதம், ஃபியூகோஸ் சேர்ந்த ஏ.எஃப்.பி.யைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அந்தப் பங்கைத் தனியே அளந்து 'எல்3' விழுக்காடாகச் சொல்ல முடிகிறது. அது 10 விழுக்காட்டை எட்டினால் புற்றுக்கான அபாயம் கூடுதல் என்று கொள்வது வழக்கம். ஜப்பானில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள இப்பரிசோதனைக்கு அமெரிக்கா 2005இல் ஒப்புதல் அளித்தது. வயது, பாலினம், ஏ.எஃப்.பி., எல்3, டி.சி.பி. என்ற மற்றொரு புரதம் ஆகியவற்றைச் சேர்த்துப் புற்றுக்கான வாய்ப்பைக் கணக்கிடும் 'கேலட்' மதிப்பெண்ணும் இப்போது உண்டு.

எல்3 மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. சோனோகிராஃபிக்கு அது மாற்றாகவும் ஆகாது. ஈரல் நோய் எதுவும் இல்லாதவர்கள் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதற்குப் பணம் கட்டுவதை நான் ஆதரிக்கவும் மாட்டேன். சிரோசிஸ் உள்ளவர்களின் நிலை வேறு. சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டறிந்தால்தான் அறுவையோ ஈரல் மாற்றமோ பயன் தரும்.

எனவே அத்தகையோருக்கு மாநகராட்சி, அரசு மருத்துவமனைகளில் எல்3 பரிசோதனை குறைந்த கட்டணத்தில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். அதற்கு முன்பே ஆய்வகங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: 'ஏ.எஃப்.பி. இயல்பாக இருந்தாலும், சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை சோனோகிராஃபி எடுக்க வேண்டும்' என்ற வரியை ஒவ்வோர் அறிக்கையிலும் மராத்தி, இந்தி, தமிழில் அச்சிடுவது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
மாட்டுங்கா, மும்பை.