தம்பிக்கு: சைக்கிளைக் காலியாத் தூக்கிப் பாத்து வாங்காத

அன்புள்ள தம்பி,

லோடோட பல நாள் பயணம் போக வாங்கப் பாக்கறேன்னு நீ அனுப்பின ரெண்டு சைக்கிளோட விவரத்தையும் நேத்து ராத்திரி உக்காந்து பாத்தேன். கிராவல் சைக்கிள் (மண் ரோட்லயும் ஓட்டற லேசான வண்டி) 9.5 கிலோ, டூரிங் சைக்கிள் (சாமான் ஏத்திக்கிட்டுத் தூரம் போற வண்டி) 14 கிலோ, "கிராவலைத் தூக்கினா காத்து மாதிரி இருக்குண்ணா"ன்னு எழுதியிருந்த பாரு, அதைப் படிச்சப்புறம் எனக்குத் தூக்கமே வரல.

நீ 70 கிலோ, டெண்ட், படுக்கை, துணி, தண்ணி, டூல்ஸ் எல்லாம் சேந்து 22 கிலோன்னு வை. ரோட்ல உருளப் போறது ஒண்ணு 101.5 கிலோ, இன்னொண்ணு 106 கிலோ, அவ்ளோதான் வித்தியாசம். அந்த நாலரை கிலோவுக்காக நீ எதையெல்லாம் விட்டுக்கொடுக்கறேங்கறதுதான் விஷயம்.

முதல்ல கியர். உன் கிராவல்ல முன்னாடி ஒரே பல்சக்கரம், 40 பல்லு, பின்னாடி பெருசு 42. பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி கிட்டத்தட்ட 2.1 மீட்டர் போகும். டூரிங்ல முன்னாடி மூணு, அதுல சின்னது 26, பின்னாடி 34, அதே ஒரு சுத்துக்கு 1.7 மீட்டர்தான். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா முதல் வண்டில மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல ஏறியே ஆகணும், ரெண்டாவதுல ஆறு போதும். மெதுவாப் போறதுல என்ன பெருமைன்னு கேப்ப, ஆனா செங்குத்து ஏத்தத்துல லோடோட மூணாவது மணி நேரம் மிதிக்கறப்போ, அந்த ஒண்ணரை கிலோமீட்டர்தான் முட்டியைக் காப்பாத்தும், இல்லன்னா இறங்கித் தள்ளிக்கிட்டே போகணும்.

அடுத்து செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சுலேர்ந்து பின் சக்கர அச்சு வரைக்கும் போற குழாய். கிராவல்ல பெரும்பாலும் 420லேர்ந்து 435 மி.மீ. இருக்கும், சர்லி கம்பெனியோட லாங் ஹால் டிரக்கர்ங்கற டூரிங் சைக்கிள்ல 460. பாக்க சின்ன வித்தியாசம்தான். ஆனா உன் பாதம் பெருசு, குட்டையான பிரேம்ல பேனியர் பை (கேரியர் பக்கவாட்டுல தொங்கற பை) மாட்டினா ஒவ்வொரு சுத்துக்கும் குதிகால் பைல இடிக்கும், பையைப் பின்னாடி தள்ளி மாட்டினா வெயிட்டு அச்சுக்குப் பின்னால போயிடும், அப்ப ஹேண்டில்பார் லேசாகி ஆட ஆரம்பிக்கும்.

அந்த ஆட்டத்தை நான் அனுபவிச்சிருக்கேன்டா. ஒல்லியான பிரேம், மொத்த லோடும் பின் கேரியர்ல, இறக்கத்துல 40 தாண்டினதும் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிருச்சு. பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சா இன்னும் மோசமாகுது. ரெண்டு முட்டியையும் மேல்குழாய்ல ஒட்டி அழுத்தி, மெல்ல மெல்ல பிரேக் பிடிச்சுத்தான் நிறுத்தினேன், கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு. அதுலேர்ந்து மொத்த லோடுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தாழ்வா மாட்டறேன். உன் கிராவல்ல கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை), அதுல எவ்ளோ வெயிட்டு மாட்டலாம்னு கம்பெனி போட்டிருக்கற அளவைப் பாரு, பல ஃபோர்க்ல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்.

சக்கரத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். லோடு வண்டில ஸ்போக்ஸ் கம்பி உடையுறது பெரும்பாலும் பின்சக்கரத்துல, அதுவும் செயின் பக்கம், ஏன்னா அந்தப் பக்கக் கம்பிதான் அதிக இறுக்கத்துல இருக்கும், அதை மாத்த கேசட்டை, அதாவது பின்னாடி இருக்கற பல்சக்கரக் கொத்தைக் கழட்டணும், ஆளில்லாத ரோட்ல அது பெரிய வேலை. 36 கம்பி இருக்கா, கையால இறுக்கம் பாத்துக் கட்டினதான்னு கேளு.

இரும்பு பிரேம்தான் வேணும், உடைஞ்சா எங்க வேணா வெல்டிங் அடிக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க. மெல்லிசான குரோமோலி எஃகுக் குழாயை பழக்கமில்லாத கை வெல்டிங் அடிச்சா பக்கத்துலயே திரும்ப விரிசல் விடும், அதனால நான் அதை ஒரு காரணமா எடுத்துக்கறதில்ல. ஸ்காட்லாந்து சைக்கிள்காரர் மார்க் போமான்ட் 2008ல 195 நாளுக்குள்ள உலகத்தைச் சுத்தி முடிச்சது கோகா கம்பெனி அலுமினியம் சைக்கிள்லதான். குழாய் எதுலங்கறதை விட, கேரியர் மாட்ட உறுதியான ஓட்டையும் அகலமான டயருக்கு இடமும் இருக்கான்னு பாரு.

லாங் ஹால் டிரக்கர் இப்ப புதுசா வர்றதில்ல, பழசு நல்ல நிலைமைல கிடைச்சா யோசிக்காம வாங்கு. புதுசுன்னா அதோட வாரிசு டிஸ்க் டிரக்கர், என் ஓட்டு அதுக்குத்தான். கோனா கம்பெனியோட சூத்ராவும் நல்ல வண்டி, செயின்ஸ்டே கொஞ்சம் குட்டை, உன் பாதத்துக்கு ஓட்டிப் பாத்துத்தான் சொல்லணும். ரோலாஃப் ஹப் (பின்சக்கரத்து நடுவுலயே வர்ற கியர்) ஆசை எனக்கும் உண்டு, 14 கியரும் ஒரே டப்பாக்குள்ள, 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ எண்ணெய் மாத்தினாப் போதும், ஆனா அந்த விலைக்கு நீ ரெண்டு பயணம் போயிட்டு வந்துடலாம். பிரேக்கு கேபிள் இழுக்கற டிஸ்க்கே போதும், வழியில நீயே சரி பண்ணிக்கலாம்.

சனிக்கிழமை கடைக்குப் போறப்போ பையில 20 கிலோ ஏதாவது எடுத்துட்டுப் போ, ரெண்டு வண்டிலயும் மாட்டி ஒரு ஏத்தம் ஏறி இறங்கிப் பாக்க விடச் சொல்லிக் கேளு. காலோட உள் அளவையும் ஷூ சைஸையும் இன்னைக்கே எனக்கு அனுப்பிடு, பிரேம் சைஸ் நான் பாத்துச் சொல்றேன்.

அன்புடன்,
அண்ணன்