எண்ணுக்கு அடியில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் உடல்நலம், குடும்பச் சூழல், உழைப்பு பற்றிய கட்டுரைகளில் புள்ளிவிவரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த எண் யாரிடம், எப்படிக் கேட்டு வந்தது, எந்த எண்ணால் வகுத்துக் கிடைத்தது என்பது பெரும்பாலும் அச்சில் வருவதில்லை. அதை விட்டுவிட்டால் எண் பொய்யாகாது, ஆனால் வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடும்.

இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்ற செய்தி எங்கும் பரவியது. அதைப் படித்தவர்கள் ‘மூன்று மடங்கு’ என்று மனத்தில் பதித்துக்கொண்டார்கள். ஆனால் 97 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி அல்ல. கணக்கெடுத்த நாளில் ஏதாவது வீட்டு வேலை செய்தவர்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்த ஆண்கள் 26.1 விழுக்காடு, பெண்கள் 81.2 விழுக்காடு. எதுவும் செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் ஆண்களுக்குச் சுமார் 25 நிமிடமும் பெண்களுக்குச் சுமார் 243 நிமிடமும் வருகின்றன. மூன்று மடங்காகத் தெரிந்த இடைவெளி ஏறத்தாழ பத்து மடங்காகிறது! ஒரே ஆய்வு, ஒரே விடைகள்தான். மாறியது வகுக்கும் எண் மட்டும். இதுபோன்ற அட்டவணைகளின் தலைப்பில் ‘பங்கேற்றவர்களுக்கு’ என்றோ ‘ஒரு நபருக்கு’ என்றோ ஒரு சொல் இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணை எடுக்கக் கூடாது.

பிரசவகால இறப்பில் சிக்கல் மொழியிலேயே தொடங்குகிறது. ரேஷியோ, ரேட் இரண்டையும் நாம் ‘விகிதம்’ என்றே எழுதுகிறோம். முதலாவது, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறந்தார்கள் என்பது. இரண்டாவது, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் எத்தனை பேர் இந்தக் காரணத்தால் இறந்தார்கள் என்பது. பிறப்புகள் குறைந்தாலே இரண்டாவது இறங்கிவிடும். ஒவ்வொரு பிரசவத்தின் ஆபத்தும் குறைந்ததா என்பதை முதலாவதுதான் சொல்லும். எந்த இறப்பு இதில் சேரும் என்பதற்கும் வரையறை உண்டு. கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் ஏற்பட்ட அல்லது அதனால் மோசமான காரணத்தால் நேர்ந்த இறப்பு அது. கர்ப்பிணி சாலை விபத்தில் இறந்தால் அது சேராது.

தேர்ந்தெடுத்த மாதிரிப் பகுதிகளில் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை, இவற்றில் முதலாவது விகிதத்தை மூன்று ஆண்டுகளைச் சேர்த்து வெளியிடுகிறது. அவ்வளவு பெரிய மாதிரியிலும் ஓராண்டில் பதிவாகும் பிரசவகால இறப்புகள் கொஞ்சம்தான் என்பதே காரணம். 2018–20-இல் 97, 2019–21-இல் 93 என்று வந்ததும் ‘ஓராண்டில் நான்கு குறைந்தது’ என்று எழுதிவிடுகிறோம். இரண்டு கணக்குக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் பொதுவானவை. ஒப்பிட வேண்டுமானால் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாத கணக்குகளை எடுக்க வேண்டும்: 2015–17-இல் 122, 2018–20-இல் 97. மாநில எண்களோடு 95 விழுக்காடு நம்பக எல்லையும், அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சும், அதே வெளியீட்டில் இருக்கிறது. அந்த எல்லைகள் ஒன்றோடொன்று பெரிதும் கலந்திருக்கும் இரு மாநிலங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதில் பொருளில்லை.

பதிவுமுறை வலுவாக உள்ள நாட்டிலும் அளக்கும் விதம் எண்ணைப் புரட்டிவிடும். அமெரிக்காவில் 2003 முதல் இறப்புச் சான்றிதழில் ‘கர்ப்பமாக இருந்தாரா’ என்ற கட்டம் சேர்க்கப்பட்டது. மாநிலங்கள் அதை வெவ்வேறு ஆண்டுகளில் ஏற்றன. கடைசி மாநிலம் சேர 2017 ஆயிற்று. அதற்குள் நாட்டின் விகிதம் ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றத்தில் கணிசமான பங்கு கட்டத்தால் வந்தது. முதிய பெண்களின் சான்றிதழிலும் தவறாகக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. 2008 முதல் 2017 வரையிலான ஆண்டுகளுக்கு அதிகாரபூர்வ விகிதத்தை வெளியிடாமல் நிறுத்தி, முறையைத் திருத்தி, 2018-க்கு ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 17.4 என்று வெளியிட்டார்கள்.

குடும்ப வன்முறை பற்றிய எண்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ‘உங்கள் கணவர் வன்முறை செய்தாரா?’ என்று கேட்டால் பலரும் இல்லை என்றே சொல்வார்கள். அறைவதும் தள்ளுவதும் பலருக்கு வன்முறைக் கணக்கில் வருவதில்லை. அதனால் நல்ல ஆய்வுகள் செயலைக் கேட்கின்றன: தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரிக்க முயன்றாரா என்று ஒவ்வொன்றாக. பிறகு, கடந்த 12 மாதங்களில் நடந்ததா என்று தனியே கேட்கின்றன. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இந்தப் பகுதி கேட்கப்படும். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன கேட்கப்பட்டது என்று தெரிந்தால் அவருக்கே ஆபத்து. யாராவது அருகே வந்தால் கள ஆய்வாளர் பேச்சை மாற்ற வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். இதற்குப் பல நாள் பயிற்சி தேவை. பயிற்சி சுருங்கினாலும் தனிமை கிடைக்காமல் போனாலும் எண் இறங்கும். ஆகவே ‘வன்முறை குறைந்தது’ என்று தலைப்பிடும் முன், இரண்டு சுற்றுகளிலும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டனவா, ஒரே வயதுப் பிரிவா, எத்தனை பேட்டிகள் தனிமையின்றிக் கைவிடப்பட்டன என்று பார்த்தே தீர வேண்டும்.

இந்த இடத்தில் காவல்துறைப் பதிவுகளைக் கொண்டுவந்து வைப்பது பெரிய பிழை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் போவது பிறந்த வீட்டாரிடம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இன்னொரு விதியும் உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையான குற்றத்தின் கீழ் மட்டுமே அது எண்ணப்படும். பதிவு கூடியது என்றால் குற்றம் கூடியது என்றும் இருக்கலாம், புகார் கொடுக்கத் துணிவு வந்தது என்றும் இருக்கலாம். பதிவேடு மட்டும் அதைப் பிரித்துச் சொல்லாது.

ரத்தசோகைக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் 15–49 வயதுப் பெண்களில் 53 விழுக்காடாக இருந்தது ஐந்தாம் சுற்றில் 57 ஆனது. இரண்டிலும் விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தமே சோதிக்கப்பட்டது. துளி வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைத்துக் காட்டும். முதல் துளிகளைத் துடைத்துவிட வேண்டும் என்பதும் அதனால்தான். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு வரம்பு டெசிலிட்டருக்கு 12 கிராம். ஏராளமான பெண்கள் அந்தக் கோட்டை ஒட்டியே இருப்பதால், அளவீட்டில் அரை கிராம் சாய்ந்தாலே விழுக்காடு வெகுவாக நகரும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிரைரத்தத்தைத் தானியங்கிக் கருவியில் சோதிப்பதைப் பரிந்துரைக்கிறது. கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்துக்கு வரம்பை 10.5 ஆகவும் வைத்திருக்கிறது. இனி வரும் எண்களைப் பழையவற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. இதனால் ரத்தசோகை சின்ன விஷயம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதமான, கடுமையான ரத்தசோகையின் விழுக்காட்டைத் தனியே அச்சிட்டால், உடனே சிகிச்சை வேண்டியவர்கள் எவ்வளவு என்பது வாசகருக்குத் தெரியும்.

இந்த ஆய்வின் அறிக்கையில், அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருந்தால், அது 25 முதல் 49 பேரின் விடையிலிருந்து வந்தது என்று பொருள். உடுக்குறி (*) மட்டும் இருந்தால் 25 பேர்கூட இல்லை, ஆகவே எண்ணே தரப்படவில்லை. இது பல நாடுகளில் ஒரே முறையில் நடக்கும் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகளின் மரபு; நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அந்த வகையே. செய்தியாகும்போது அடைப்புக்குறி உதிர்ந்துவிடுகிறது. மூலத் தரவை இறக்கிக் கணக்கிடுபவர்கள், ஒவ்வொரு விடையும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைச் சரிசெய்யும் எடைமதிப்பைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். வன்முறைப் பகுதிக்கு வேறு எடைமதிப்பு உண்டு, பொது எடையைப் போட்டால் விடை பிசகும்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் 49 வயதோடு நின்றுவிடுகின்றன. மாதவிடாய் நின்ற பின் வரும் எலும்புத் தேய்மானம், கருப்பை இறக்கம், விதவைகளின் வருமானம் எதுவும் அதில் வராது. ‘பெண்களில் இத்தனை பேர்’ என்று எழுதும்போது பாட்டிமார்கள் கணக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊற்றே வற்றும் ஆபத்தும் வந்திருக்கிறது. 1984-இல் தொடங்கி 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்துக்கு அமெரிக்க அரசின் நிதி 2025-இல் நின்றது. பதிவுமுறை பலவீனமாக உள்ள பல நாடுகளில், இறந்த தாய்மார்களைக் கணக்கில் கொண்டுவந்தது அந்த ஆய்வுதான். உடன்பிறந்த சகோதரிகளில் யார் இருக்கிறார்கள், யார் எந்த வயதில் இறந்தார்கள், பிரசவத்திலா என்று கேட்டே அந்தக் கணக்கைப் போட்டார்கள். உங்கள் இதழ் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

அதோடு, ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். வெளியான ஆண்டு அல்ல, களப்பணி நடந்த ஆண்டு அதில் இருக்கட்டும். இப்படி: ‘தேசியக் குடும்ப நல ஆய்வு 5, களப்பணி 2019–21, 15–49 வயதுப் பெண்கள், விரல்நுனி ரத்தம், வரம்பு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11.’

இப்படிக்கு,
சுகாதாரப் புள்ளிவிவரத் துறை வாசகர்