மலைநடைச் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த அறிக்கையை ஏப்ரல் கூட்டத்திலேயே வாசித்திருக்க வேண்டும். அன்றைக்கு வந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர். ஆகவே ஒத்திவைத்தோம்.

ஆவணியில் குன்றக்குடி ஏறினோம், இறங்கினோம். புரட்டாசியில் திருமயம், ராமநாதபுரம் சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய கோட்டையின் உச்சியில் ஒரு குடை காற்றோடு போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை. தையில் சித்தன்னவாசல், ஏழடிப்பாட்டம் என்ற சமணக் குகையின் கற்படுக்கைகளை எண்ணினோம், 17-ம் இருந்தன.

இனி, சங்கம் அச்சிட்ட பிரான்மலை நடைபாதை வரைபடம். இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று சிலர் என்னிடம் கேட்காமல் மற்றவர்களிடம் கேட்பதாகத் தெரிகிறது. அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முந்தைய ஆண்டு பிரான்மலையில் இறங்கும்போது நான்கு பேர் ஆட்டுத் தடத்தைப் பாதை என்று நம்பி வேறு பக்கம் இறங்கிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு வேனுக்கு வந்து சேர உச்சிவெயில் ஆயிற்று. அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2,500 அடி சொச்சம் உயரமுள்ள மலைதான். ஆனால் மொட்டைப் பாறையில் தடம் பதியாது. மேலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் பாதை போலவே தெரியும்.

ஆகவே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். ‘போனோம்’ என்றால் நானும், இரண்டு நாள் மட்டும் பொருளாளர் அண்ணனும். கொடுங்குன்றநாதர் கோயிலிலிருந்து உச்சித் தர்கா வரை எங்கே நிழல், எங்கே வழுக்கு, எந்த இடத்தில் திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று குறித்தோம். தூரத்தை அடியில் போடாமல் நடக்கும் நிமிடத்தில் போட்டிருக்கிறேன். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தனி நிமிடம்.

பாதி ஏற்றத்தில் ஒரு பாறை மேல்தோல் விட்டு நிற்கிறது. தோசை ஓரம் கல்லை விட்டு எழும்புமே, அந்த மாதிரி. அடியில் கையை நுழைக்கலாம். கைத்தடியால் தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் வரும். இரண்டடி தள்ளித் தட்டினால் ‘ணங்’கென்று கெட்டிச் சத்தம். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் நான் தட்டுவதைப் பார்த்து, “உள்ளே ஒண்ணும் இல்லய்யா, நாங்களும் பாத்துட்டோம்” என்றார். உள்ளே ஒன்றும் இல்லைதான், ஆனால் காரணம் இருக்கிறது. இந்தப் பாறை பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் பாரத்துக்கு அடியில் உருவானது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, பாரம் குறைந்த பாறை விரிந்து, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக விடுகிறது. விரிசல் அதிகம் இருந்த பாறைக்குள் தண்ணீர் இறங்கி, அது மக்கி மண்ணாகித் தரையானது. விரிசல் குறைவாக இருந்த பாறை மலையாக நின்றுவிட்டது. நம் ஊருணிக் கரையில் இருக்கும் செம்பாறாங்கல் வேறு சாதி. பாறை மக்கி, மற்றதெல்லாம் மழையில் கரைந்து, இரும்புச் சத்து தங்கி இறுகியது. வெட்டும்போது இளக்கம், காற்றுப் பட்டால் கெட்டி.

இதையெல்லாம் வரைபடத்தின் பின்பக்கம் போட்டதில் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு வருத்தம். வாயுவும் ஆதிசேடனும் பலம் பார்த்தபோது மேருவிலிருந்து சிதறிய துண்டு இந்த மலை, தல புராணத்தை விட்டுவிட்டு வெங்காயத் தோல் எதற்கு என்றார். சரி, இரண்டையும் போட்டோம். அதில் ஒரு பக்கம் கூடியது. அச்சுச் செலவும் கூடியது. பாரியின் பறம்புமலை இதுதான் என்பதால் கபிலர் சொன்ன மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கையும் ஓரத்தில் வரைந்திருக்கிறோம். நாம் கொண்டுபோவது என்னவோ புளியோதரைதான்.

வரைபடம் வெளியிட்ட அன்று மலைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு. வேன் வாடகை இருபத்தாறுக்குத்தான்.

சந்தா பற்றி. கோயிலுக்குப் புள்ளி வரியை, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று விழும் வரியை, ஒரு நாள் தவறாமல் கட்டுகிற ஊர் இது. நம் சந்தா ஆண்டுக்கு இருநூறு ரூபாய். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் படங்களுக்குக் கைதட்டும் உறுப்பினர்கள், கைதட்டுகிற அதே போனில் பணமும் அனுப்பலாம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ‘ஏறக்குறைய’ எந்தப் பக்கம் என்பதைப் பொருளாளர் அண்ணன் விளக்குவார்.

தலைவர், வேன் ஓட்டுநர், முகப்பில் கூட்டம் நடத்த இடம் கொடுத்த ஆச்சி, நடைக்குத் தவறாமல் சீயம் செய்து அனுப்பிய இன்னொரு ஆச்சி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். திருமயத்துக்கும் இப்படி ஒரு வரைபடம் போடலாம் என்று பாதி குறித்து வைத்திருக்கிறேன். வருகிறவர் விரும்பினால் தருவேன். யாரும் வராவிட்டால், சரி, நானே முடிக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட நடக்க இரண்டு பேர் வேண்டும்.

வரைபடம் நான்கு கட்டு மிச்சம், என் வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கிறது. அங்கே ஓடு ஒழுகும். ஐப்பசிக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளவும். பிரதி முப்பது ரூபாய், சந்தா கட்டியவர்களுக்கு இலவசம்.