ரப்சாக்கே பேசிய யூத பாஷை

அன்புள்ள நண்பா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் படிக்க அனுமதித்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தைரியத்தில்தான் இதை நீட்டுகிறேன். இளையவளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீடு கலகலப்பாக இருக்கிறது.

கொஞ்ச நாளாகப் பழைய ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் தேடிப் படிக்கிறேன்: எபிரேய எழுத்தாளர்கள் அந்நியரை எப்படிப் பேசவைத்தார்கள்? பெரும்பாலும் நல்ல எபிரேயத்திலேயேதான். பார்வோனும் கோலியாத்தும் தங்குதடையின்றிப் பேசுகிறார்கள். மொழி வேறு என்பது கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் வெளியே வருகிறது. எகிப்தின் அதிகாரியாகிவிட்ட யோசேப்புக்கும், முன்பு அவனை விற்றுவிட்டு இப்போது அடையாளம் தெரியாமல் நிற்கும் சகோதரர்களுக்கும் நடுவே துபாசி நிற்கிறான். எகிப்தியனுக்குப் புரியாது என்று நம்பித் தங்கள் பழைய குற்றத்தை அவர்கள் பேசிக்கொள்ள, யோசேப்பு அப்பால் போய் அழுகிறான். யாக்கோபின் மாமனார் லாபானும் அப்படித்தான். அதுவரை எபிரேயத்தில் பேசியவன், யாக்கோபோடு உடன்படிக்கை செய்து எல்லை வகுக்கும் இடத்தில் கற்குவியலுக்குத் தன் மொழியான அராமேயத்தில் பெயரிடுகிறான். இருபது வருட உறவு அங்கே முடிகிறது.

என்னை விடாமல் பிடித்திருப்பது 2 இராஜாக்கள் 18. கி.மு. 701, அசீரிய அரசன் சனகெரிபின் படை எருசலேமின் வாசலில் நிற்கிறது. யூதாவின் அரசன் எசேக்கியாவின் அதிகாரிகள், அசீரியரின் சார்பில் பேசவந்த ரப்சாக்கேயிடம், "அராமேயத்தில் பேசும், எங்களுக்குப் புரியும்" என்று மன்றாடுகிறார்கள். மதில்மேல் இருக்கும் ஜனங்கள் கேட்கக் கூடாது என்ற பயம். அவனோ யூத பாஷையிலேயே, அதாவது அந்த ஜனங்களின் எபிரேயத்திலேயே, இன்னும் உரக்கக் கூவுகிறான். சரணடைந்தால் அவனவன் தன் திராட்சச்செடியின் கனியையும் தன் அத்திமரத்தின் கனியையும் சாப்பிடலாம் என்கிறான். சாலொமோன் காலத்துச் சமாதானத்தைச் சொல்ல 1 இராஜாக்கள் நூல் பயன்படுத்திய திராட்சையும் அத்தியும்தான் இவை! தங்கள் ஜனத்தின் கனவையே பகைவன் வாயில் வைத்திருக்கிறார் அந்த எழுத்தாளர். கொச்சையாக உளறவிட்டு அவனைச் சிறுமைப்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. கேட்பவர் மனம் தடுமாறும் அளவுக்கு அவனைப் பேசவிட்டதால்தான், மதில்மேல் இருந்த ஜனங்கள் மறுமொழி சொல்லாமல் நின்றது அவ்வளவு பெரிதாகப் படுகிறது. அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. ஏசாயா 21-இல், ஏதோமியரின் நாடான சேயீரிலிருந்து ஒரு குரல், "ஜாமக்காரனே, இரவு எவ்வளவு?" என்று கேட்கிறதல்லவா? அதற்கு வரும் பதிலின் வினைச்சொற்களில் அராமேயச் சாயல் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அது தெரியாது. செமினரியில் எபிரேயம் படித்தவன் நீ. கண் நன்றாகத் தேறியதும் மூலத்தைப் பார்த்து எழுது. ஏதோமியர் பேச்சை எழுத்தில் கொண்டுவர முயன்றிருக்கிறாரா தீர்க்கதரிசி என்று எனக்குத் தெரியவேண்டும்.

வீட்டில் தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்