பாடம் செய்யச் சொல்லிக்கொடுங்கள், பட்டன் அழுத்த அல்ல

கடலூர் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், தொலைநிலைக் கல்வி நடத்துவோருக்கும் வணக்கம்.

தொலைநிலைக் கல்வி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே அதைத் தொடங்கிவிட்டது. தபாலில் புத்தகக் கட்டு வந்த காலம் போய் 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாவில் பாடமெல்லாம் போனுக்கே வந்துவிட்டது. ஆசிரியருக்குத் தரும் பயிற்சிதான் மாறவில்லை. நான் போன ஒரு பயிற்சியில் நாள் முழுக்க, பாடம் பதிவு செய்யும் மென்பொருளின் பட்டன்களைப் புரொஜெக்டரில் காட்டினார்கள். சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர்கூட ஒரு பாடம் செய்து பார்க்கவில்லை.

இந்தப் பாடங்களைப் பார்ப்பது யார்? சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடி வருபவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துவிட்டு வந்து, வீட்டில் இருக்கும் ஒரே போனுக்குக் காத்திருக்கும் பெண். பாதி நேரம் திரையைப் பார்க்கவே முடியாது, காதில்தான் பாடம் ஓடும். அந்த நேரத்தில் ஆசிரியர் வரைபடத்தைத் தொட்டு, "இது இப்படி வந்து இங்கே சேருது" என்றால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? "கெடிலம் மேற்கிலிருந்து ஓடிவந்து கடலூரில் வங்கக் கடலில் கலக்கிறது" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டும் புரியும். பழக்கினால் யாருக்கும் வரக்கூடிய விஷயம்தான் இது. ஆனால் பழக்க ஆள் வேண்டும்.

திரையில் பத்து வரியை நிரப்பி அதையே வாசிப்பதும் மாற்ற வேண்டிய பழக்கம்தான். படத்தோடு பேச்சும் இருக்கையில் அதே பேச்சை எழுத்தாகவும் போட்டால் கற்றல் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வு, 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களில்தான் மாணவர்கள் ஒன்றுகிறார்கள் என்றது. நாம் இன்னும் முக்கால் மணி நேர வகுப்பை அப்படியே படம்பிடிக்கிறோம்.

அதனால் மென்பொருளுக்கு அரை நாள் போதும். வீடியோ பதிவுக்கு ஓபிஎஸ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். மீதி நேரத்தில் ஒவ்வொருவரும் ஆறு நிமிடப் பாடம் ஒன்றை எழுதி, பேசி, பதிவு செய்யட்டும். அதை விலை குறைந்த போன் ஒன்றில், தொலைநிலையில் படிக்கும் ஒருவருக்கே போட்டுக் காட்டுங்கள். என்ன புரிந்தது என்று அவர் சொல்லட்டும். அப்புறம் திருத்தி மறுபடி பதிவு செய்யட்டும். கற்பது அந்த இரண்டாவது பதிவில்தான் நடக்கும். ஆளுக்கொரு காலர் மைக் அவசியம். நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேச முடியாது, ஓடவிட்டால் அதன் இரைச்சல்தான் பாடம் முழுக்கக் கேட்கும்.

பாடம் தயாரிக்கும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கில் எடுங்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்த டேட்டாவில் செய்துகொண்டிருக்கிறோம். அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்