அப்பம்மா பாடாத தாலாட்டு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூடியிருக்கிறது. கச்சான் காற்று இன்னும் விடவில்லை, மத்தியானத்தில் வெளியே தலை காட்ட முடியாது.

நீ அனுப்பிய உன் மகனின் கட்டுரையை ஆறுதலாக வாசித்தேன். மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு 'நான் யார், என்னவாக வர ஆசை' என்று எழுதச் சொன்னார்களாம், பொடியன் சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதுவித்தானாம். கோணேசர் கோயில் படியில் இருந்து அப்பம்மா தாலாட்டுப் பாடினாவாம், அந்த அலையோசைதான் அவனை இன்றைக்கும் நடத்துகிறதாம். வாசித்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். குறை நினைக்காதே, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் அம்மா தாலாட்டுப் பாடி நான் கேட்டதில்லை, ஏச்சு நிறையக் கேட்டிருக்கிறேன். மீன் சந்தையில் அவ செவுளைக் கிளப்பிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னால், வியாபாரி மறுபேச்சுப் பேச மாட்டான். கட்டுரையில் அந்த மனுசியைத்தான் காணவில்லை.

அதற்காகப் பொடியனோடு கோபிக்காதே. எங்கள் ஆசை மட்டும் எங்களுக்குள்ளேயே முளைத்ததா? புள்ளி கூடினவன் டொக்டர் அல்லது எஞ்சினியர், அடுத்தவன் கணக்காளர், மிச்சப்பேர் வாத்தியார், கிளாக்கர். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து அண்ணாமார் பட்ட பாட்டைக் கேட்டுக் கேட்டே, கம்பஸ் கிடைக்காதவனுக்கு வாழ்க்கை இல்லை என்று நம்பி வளர்ந்தோம். நீ கணிதம் எடுத்ததும் நான் உயிரியல் எடுத்ததும் அந்தப் பயத்தில்தான்.

கோணேசரைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால் விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கையும் அவரோடு கடலில் மூழ்கின கூட்டாளி மைக் வில்சனையும் அவன் எழுதியிருக்கலாம். போர்த்துக்கேயர் 1624இல் கோயிலை இடித்ததும், 1956இல் இவர்கள் இரண்டு பேரும் கோயில் நிற்கிற சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி அதன் இடிபாடுகளைக் கண்டதும் உனக்குத் தெரிந்த கதை. எனக்குச் சுவையாக இருப்பது அந்த ஆட்கள்தான். கிளார்க் கடலுக்குள் இறங்கினதே விண்வெளி ஆசையில். பாரமில்லாமல் மிதப்பது எப்படியிருக்கும் என்று பார்க்கக் கடல்தான் அவருக்குக் கைக்கெட்டின இடம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செய்கோளை விட்டால் அது பூமியோடு சேர்ந்து சுற்றும், அப்படி மூன்றைக்கொண்டு உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதிய மனிதர். (எங்கள் கூரையில் டிஷ் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதும், அம்மா சென்னை நாடகம் பார்த்துவிட்டு மருமகளைச் சந்தேகிப்பதும் அதனால்தான்.) வில்சன் 1962இல் முதலாவது சிங்கள வண்ணப் படத்தை எடுத்தார். பிறகு அந்தத் தொழிலையும் விட்டுச் சாமியாராகி, சுவாமி சிவகல்கி என்று பெயர் வைத்துக்கொண்டார். கிளார்க்கோ சமயக் கிரியை எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்துவிட்டு 2008இல் போய்ச் சேர்ந்தார். மூழ்கினது ஒரே கடல், முதுகில் ஒரே மாதிரிச் சிலிண்டர்.

ஓ/எல் சோதனைக்குச் சைவநெறியில் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) என்று பாடமாக்கினோமே, நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருக்கும் பூவின் நிறத்தைப் படிகம் காட்டுவதுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று அதில் வரும். புள்ளிக்காக எழுதினது, இப்போதுதான் உறைக்கிறது. ஃபோன் வந்துதான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று இங்கே சனம் கதைக்கிறது. ஒன்றையும் சாராமல் எங்களில் யார் வளர்ந்தோம்? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்களுக்கு நிறம் கொடுத்த வாத்தியாரும் கோயிலும் அயலட்டையும் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள், முறைக்கலாம், எதிர்த்துக் கதைக்கலாம். ஃபோன் அப்படியில்லை. நீ எதில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றாய் என்று பார்த்து, அதையே இன்னும் பத்தாகக் கொண்டுவந்து வைக்கிறது. என் இளையவன் கொஞ்ச நாளாக ஜிம் வீடியோ பார்த்தான். இப்போது கம்பஸ் வேண்டாம், துபாய்க்குப் பயிற்றுநராகப் போகிறேன் என்று நிற்கிறான். அவனோடு சண்டை பிடிக்கலாம், பிடிக்கிறேன். அந்த ஃபோனோடு யார் சண்டை பிடிப்பது?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். முந்தி கோயிலையும் மலையையும் நேர்பிடித்து, மீன் கூடுகிற கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடித்தவர், இப்போது ஜிபிஎஸ் வைத்திருக்கிறார். ஒருநாள் காட்டினார்: மீன் படுகிற இடங்களுக்கெல்லாம் மகள்மாரின் பெயர். மூத்தவளிடம் போனால் கலவாய், சின்னவளிடம் பாரை. அந்தக் கருவியை வேறொருவன் எடுத்தால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. உன் மகனும் சாட்ஜிபிடியை விட வேண்டியதில்லை, அப்படி ஏதாவது தன்னுடையதை உள்ளே போட்டால் போதும்.

அவனிடம் போட ஒன்றுமில்லை என்பாய். உன் அம்மாவின் சீட்டுக் கணக்கு எழுதின சீ.ஆர். கொப்பி எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. 1990இல் நீங்கள் வெளிக்கிட்டபோது அவ எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று வரிவரியாக இருக்கிறது. ஒரு பெயருக்கு நேரே 'ஓடிவிட்டான்' என்று சிவப்பு மையில். இன்னொன்றுக்கு நேரே 'பிள்ளைக்குச் சுகமில்லை, கேட்க வேண்டாம்'. கடன் கொடுத்தவ எழுதினது!

பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். பொடியனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றாயே, நீ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டு. எழுத்து விளங்காத இடத்தில் எனக்கு ஃபோன் எடு, அந்தச் சனம் எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதுதானே?

அன்புடன்,
உன் மச்சான்